அகத்தியர் தெரிகிறாரா?

என் கல்யாணத்தில் நான் அருந்ததியைப் பார்த்தேன். காலை பத்து மணிக்கு, ஓசூர் மண்டபத்து வாசலில், சுள்ளென்ற வெயிலில். மாப்பிள்ளை விரல் நீட்டிய திசையில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. "தெரியுதாம்மா?" என்றார் புரோகிதர். தலையாட்டினேன். தெரியவில்லை என்று சொல்லும் மணப்பெண் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

அந்தத் தலையாட்டல் பழக்கமாகிவிட்டதுதான் சிக்கல். பெங்களூர் ஈஜிபுராவில் குடியேறிய பிறகு என் கணவருக்கு வானப் பைத்தியம் பிடித்தது. ஆபீஸில் நாளெல்லாம் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் மொட்டை மாடியில் போனைத் தூக்கிப் பிடித்து, வானத்தைக் காட்டும் ஆப்பில் நட்சத்திரம் தேடுவார். போன் காட்டிய பக்கம் விரல் நீளும். நான் தலையாட்டுவேன். அதில் பாதி விமானம்.

இந்த பிப்ரவரியில் அகத்தியர் வந்தார். தெற்கே தாழ்வாகத் தெரியும் நட்சத்திரம், இங்கிலீஷில் கனோபஸ். இரவு வானத்து நட்சத்திரங்களில் வெளிச்சத்தில் இரண்டாமிடம். முதலிடத்து சிரியஸ் ஒன்பது ஒளியாண்டுக்குள், பக்கத்து வீட்டில் இருக்கிறது. அந்தச் சலுகையில் ஜெயித்தது. இவர் இருப்பதோ முந்நூறு ஒளியாண்டுக்கு அப்பால். சூரியனைப் போல எழுபது மடங்கு அகலம், பத்தாயிரம் மடங்கு வெளிச்சம். இதையெல்லாம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கேட்டுக் கேட்டு எனக்கே ஆசை வந்துவிட்டது. இந்த ஒன்றையாவது நிஜமாகவே பார்த்துவிட வேண்டும்.

ஆனால் எங்கள் மாடிக்குத் தெற்கே இருந்த ஒரே இடைவெளியில் பக்கத்து வீட்டுக்காரர் இன்னொரு மாடி எழுப்பிக்கொண்டிருந்தார். தூணும் தளமும் முடிந்து செங்கல் வந்து இறங்கியிருந்தது. "நாளைக்கு கோடெ கட்டிடுவோம்மா" என்று மேஸ்திரி கன்னடமும் தமிழுமாகச் சொல்லிவிட்டார், சுவரைத்தான்.

அன்று எட்டு மணிக்கு மாடி ஏறினோம். அவர் போனைத் தூக்கினார். "அதோ பாரு, தெரியுதா?"

அங்கே மொபைல் டவரின் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆடப்போன தலையைப் பிடித்து நிறுத்தினேன். "தெரியலைங்க."

கல்யாணமாகி முதல்முறையாக இப்படிச் சொல்கிறேன். மனுஷர் போனை உலுக்கினார். தண்ணீர் டேங்கின் இரும்பு ஸ்டாண்டில் சாய்ந்துகொண்டு திசை பார்த்தால் இரும்பு இழுக்கிற இழுப்பில் போனின் திசைகாட்டிதான் பாவம் என்ன செய்யும்? சாப்பாட்டு நேரத்தில் கேட்ட வழியில் நானே போனேன். உச்சியில் வரிசையாக மூன்று நட்சத்திரம், அங்கிருந்து சரிந்தால் சிரியஸ், பிறகு நேரே கீழே, பக்கத்து வீட்டுத் தூண்களுக்கு நடுவே.

இருந்தார். வெள்ளையில் துளி மஞ்சள், அலட்டிக்கொள்ளாத வெளிச்சம். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏங்க, அங்க இல்ல, இங்க" என்று அவர் கையைப் பிடித்துத் திருப்பினேன். என் விரல் நுனி வழியே கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தார்.

"தெரியுதா?"

தலையாட்டினார்.

அந்தத் தலையாட்டல் எனக்கு நன்றாகத் தெரியும். ஓசூர் மண்டபத்து வாசலில் நான் ஆட்டியது அது. அப்போதுதான் கவனித்தேன், அவர் முகத்தில் கண்ணாடி இல்லை, ஆபீஸ் விட்டு வந்ததும் கழற்றி வைத்துவிடுவார். இத்தனை சாயங்காலமும் மனுஷர் போனுக்குள் இருந்த வானத்தைத்தான் பார்த்திருக்கிறார்.

"கீழ போய்க் கண்ணாடிய எடுத்துட்டு வாங்க" என்றேன். "முந்நூறு வருஷம் நடந்து வந்தவரு. நீங்க வர்ற வரைக்கும் நிப்பாரு."

செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினார். நான் நீட்டிய விரலை மடக்கவில்லை.