பாதிப் பாதியாக ஒரு பாஸ்வேர்டு

இலவசம் என்றாலே எனக்குச் சந்தேகம் வரும். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்களில், கொல்லிமலை மிளகு விவசாயிகள் சங்கமொன்றில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தேன். என்னைவிடப் பெரிய சந்தேகக்காரர்களிடம் போய் மாட்டிக்கொண்டேன்.

குண்டூர் நாடு, திருப்புலி நாடு, எடப்புளி நாடு என்ற மலைப்பகுதிகள் மூன்றிலும் ஒவ்வொரு கம்ப்யூட்டர். போன் லைனில் சங்கத்தின் வெப் சர்வரைக் கூப்பிட்டால் அந்த வார மிளகு விலை தெரியவேண்டும். குண்டூர் நாட்டுச் சங்க அலுவலகத்தில் வைத்த சர்வர் மெஷினைக் கொடுத்தவர் அடிவாரத்து மிளகு வியாபாரி ரஹீம் பாய். வாங்குகிறவரே விலை காட்டும் பெட்டியைக் கொடுத்தால் யாருக்குத்தான் பகீர் என்றிருக்காது?

முதல் கூட்டத்தில், சேலத்திலிருந்து வந்த கம்ப்யூட்டர் டீலர், சர்வரை இயக்க விலைகொடுத்து வாங்கும் ஓஎஸ் மென்பொருள் ஒன்றை மேசைமேல் வைத்தார். கமிட்டியில் இருந்த குண்டூர் நாட்டு விவசாயி பொன்னாயி கேட்டார்: "ஏனுங்க, இதுல தட்டை மாத்திப் பாக்கலாமுங்களா?"

டீலர் விழித்தார். அங்கே மிளகு நிறுக்கும் முன், வெறும் தராசின் தட்டுகளை இடம் மாற்றித் தொங்கவிட்டு, கள்ளத்தராசா என்று பார்ப்பார்கள். பெற்ற மகன் தராசு பிடித்தாலும் அப்படித்தான். "உள்ளே திறந்து பார்க்க முடியுமான்னு கேக்கறாங்க" என்று நான் விளக்கினேன்.

"அதெல்லாம் கம்பெனி ரகசியமுங்க" என்றார் டீலர். அதோடு அவர் கதை முடிந்தது.

நான் லினக்ஸ் என்ற இன்னொரு ஓஎஸ்ஸின் சிடியைக் காட்டினேன். காசு கிடையாது, உள்ளே எழுதியிருக்கும் சோர்ஸ் கோடும் கூடவே வரும், விஷயம் தெரிந்த யாரும் பிரித்துப் பார்க்கலாம் என்றேன். கமிட்டி தலையாட்டியது. பொன்னாயி மட்டும் விடவில்லை.

"தொறந்து பாக்கலாம், செரி. விலைய மாத்தறது ஆரு?"

"ரூட் பாஸ்வேர்டு, அதாவது எல்லாத்தையும் திறக்கற சாவி, வச்சிருக்கறவங்க. நாந்தானுங்க."

"அப்ப உன்னைய ஆரு பாக்கறது, கண்ணு?"

எனக்குச் சுருக்கென்றது. "அப்ப எனக்கு வேண்டாமுங்க. பாதி நீங்க வச்சுக்குங்க, பாதி பாய் வச்சுக்கட்டும்" என்றேன். கோபத்தில் சொன்னதை அவர் அப்படியே பிடித்துக்கொண்டார்.

சந்தை நாளில் இருவரும் சங்கத்துக்கு வருவார்கள். பொன்னாயி தன் பாதியை அடிக்கும்போது பாய் சுவரைப் பார்ப்பார். பாய் அடிக்கும்போது பொன்னாயி சுவரைப் பார்ப்பார். நான் வாசலில் நிற்பேன். பிறகு அவர்கள் கண்முன்னே விலையை ஏற்றி லாக் அவுட் செய்வேன். மெஷினை அணைத்துவிட்டு மறுபடி பூட் செய்யும்போது குறுக்குவழியில் நுழையவும் வழியில்லை. அதற்கும் அதே பாஸ்வேர்டு. மெத்தப் படித்தவன் வாசலில் நிற்பது எனக்கு அவமானமாகவே இருந்தது.

ஒரு சந்தை நாளில் விலை தடாலென்று இறங்கியது. மறுநாளே திருப்புலி நாட்டிலிருந்து ஒரு ஜீப் நிறைய ஆட்கள் வந்து என் சட்டையைப் பிடித்தார்கள். "பாய்கிட்ட காசு வாங்கிட்டு விலையக் கொறச்சிட்டயா?" இல்லை என்றால் யார் நம்புவார்கள்? வேலையும் போச்சு, பேரும் போச்சு என்றே நினைத்தேன்.

சத்தம் கேட்டு வந்த பொன்னாயி நடுவில் புகுந்தார். "அவன் நெனச்சாலும் மாத்த முடியாதுங்க. பாதி எங்கிட்ட இருக்குது. கொச்சி மிளகுச் சந்தைக்கு நானே போன் போட்டு விலை கேட்டுட்டுத்தான் அடிச்சேன். நம்பலீன்னா நீங்களே போட்டுக் கேளுங்க."

கேட்டார்கள். கொச்சியிலும் அதே விலைதான். சட்டையிலிருந்து கை இறங்கியது.

கூட்டம் போனபின் பொன்னாயி சொன்னார்: "அன்னைக்கு நான் உன்னைய நம்பியிருந்தா, இன்னைக்கு உன்னைய ஆரு கண்ணு நம்பியிருப்பாங்க?"

அதன்பின் எத்தனையோ சர்வர்களுக்கு ஓஎஸ் தேர்ந்தெடுத்துவிட்டேன். எதிலும் ரூட் பாஸ்வேர்டை ஒருவர் கையில் விட்டதில்லை, என் கையிலும்தான். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முகம் சுளித்து, "சார், எங்களை நம்பலையா?" என்பார்கள்.

நம்பவில்லை என்று சொல்லிவிடுவேன்.