அந்துருண்டை நிலா

சனிக்கிரகத்தைக் கூடத்து நடுவில் கட்டித் தொங்கவிட்ட வீடு திருவையாற்றுப் பக்கம் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். அந்தப் பெருமை என்னைச் சேர்ந்தது.

ஆறாம் வகுப்பில் அறிவியல் கண்காட்சிக்காகச் செய்தது அது. ரப்பர் பந்துதான் சனி. பம்புசெட் மோட்டார் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி வளையம். எல்லாம் அத்தையின் கைவேலை. அத்தை அப்பாவின் தங்கை. கும்பகோணத்தில் இயற்பியல் படித்துவிட்டு, கல்யாணம் தட்டித்தட்டிப் போனதில் வீட்டோடு இருந்தாள். ஒரு நிலாவாவது வேண்டும் என்று நான் அடம்பிடித்தபோது பீரோவைத் திறந்து, தன் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த பட்டுப்புடவையின் மடிப்பிலிருந்து ஓர் அந்துருண்டையை எடுத்தாள். நூல் சுற்றி, வளையத்துக்கு அந்தப் பக்கம் கட்டினாள்.

“இதுக்குப் பேரு என்செலடஸ். இத்துனூண்டு நிலாதான். மேல பூரா ஐஸ்கட்டி. உள்ளுக்குள்ள ஒரு கடலே இருக்குன்னு கண்டுபிடிச்சிருக்காங்க,” என்றாள். அந்தப் பெயர் என் வாயில் நுழைய இரண்டு நாள் ஆயிற்று.

அந்த வாரமே பாபநாசத்திலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவர். அம்மா முதல் வேலையாகச் சனியைக் கழற்றச் சொன்னாள். “இருக்கட்டும் அண்ணி, புள்ள ஆசையா செஞ்சது,” என்று அத்தைதான் தடுத்தாள். என் மேல் எவ்வளவு பிரியம் என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அத்தை காபித் தட்டோடு வந்து நின்றாள். எல்லோரும் அவளைப் பார்க்க, மாப்பிள்ளை மட்டும் மேலே பார்த்தார். பிறகு அத்தை பக்கம் திரும்பி, “அந்தச் சின்ன உருண்டை எதுங்க?” என்றார்.

அத்தை வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். பெயரைச் சொன்னேன், ஐஸ்கட்டியைச் சொன்னேன், கடலையும் சொன்னேன். மாப்பிள்ளை சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. “எங்க அத்தைக்குச் சனின்னா உயிரு. ரெண்டு வருஷமா மாசம் தவறாம திருநள்ளாறு போயி எள்ளு விளக்கு போடுறாங்க,” என்றும் சேர்த்துக்கொண்டேன். தொலைநோக்கி இல்லாதவர்கள் பிடித்த கிரகத்தை அப்படித்தான் போய்ப் பார்ப்பார்கள் என்று நம்பியிருந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். “ஜாதகத்துல தோஷம் ஒண்ணும் இல்லைன்னீங்களே?” என்று அப்பாவைக் கேட்டார். அப்பா கேசரித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஜோசியர் சனியை ஒரு கட்டம் தள்ளி எழுதிக் கொடுத்திருந்த கதை எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. “ஊருக்குப் போயி போன் பண்றோங்க,” என்று எழுந்தார்கள்.

போன் வரவில்லை. “போன் வந்துச்சா அத்தை?” என்று தினமும் கேட்டவளும் நான்தான். அத்தை ஒரு வார்த்தை திட்டவில்லை. கண்காட்சியில் எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. சில மாதங்களில் அந்துருண்டை கரைந்து நூல் முடிச்சு மட்டும் மிஞ்சியது. வேறு உருண்டை கேட்டேன். பீரோவில் இல்லை என்றாள். இருந்தது, நான் பார்த்தேன்.

மறு வருடம் அத்தை பேராவூரணித் தென்னந்தோப்புக்காரர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டாள். நல்ல மனிதர். வானத்தில் அவருக்குத் தெரிந்தது மழை மேகம் மட்டும்.

போன மாதம் அங்கே போயிருந்தபோது, இத்தனை வருடமாக நெஞ்சில் உறுத்தியதைச் சொல்லிவிட்டேன். “திருநள்ளாறு விஷயத்த நான் உளறியிருக்கக் கூடாது அத்தை.”

“அத விடுடி. அது என்னைக்கு இருந்தாலும் தெரிஞ்சிருக்கும்,” என்றாள். கொஞ்ச நேரம் தேங்காய் துருவிக்கொண்டே இருந்தாள். பிறகு, “அந்த நிலா பேர நான் சொல்லியிருப்பேன்,” என்றாள்.

மாப்பிள்ளை பார்க்கட்டும் என்றுதான் அத்தை அதைக் கழற்ற விடவில்லை. அவர் கேட்டது அவளைத்தான். பதினோரு வயதில் எனக்கு என்செலடஸில் கடல் இருப்பது தெரிந்திருந்தது; இது தெரியவில்லை.