ஏழு ட்ரம்களைக் காணாமல் ஆக்கியவன்

இரண்டு மாதங்களுக்கு முன்னால், அந்தோணி வீட்டு வாசலில் இருந்த ஏழு தண்ணீர் ட்ரம்களை நான் காணாமல் ஆக்கினேன். பட்டப்பகலில். அவருடைய முழுச் சம்மதத்தோடு.

திருடவில்லை. அதைவிட மோசம் – எடிட் செய்தேன்.

ஐம்பதைத் தாண்டினால் சிலருக்கு ஆன்மிகம் வரும், சிலருக்குச் சர்க்கரை வரும். எனக்குக் கேமரா வந்தது. அத்தோடு விட்டதா? “எடுக்கிறது பாதிதான் சார், எடிட்டிங்தான் மீதி” என்று போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர் ஒரு சாஃப்ட்வேரை ஏற்றிக் கொடுத்தார். அந்த மீதி என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே…

கற்றுக்கொள்ள வீடியோக்கள் இருக்கின்றன என்றார்கள். இருக்கின்றன – மெயின்லேண்டில். இங்கே இன்டர்நெட் வானத்துக்குப் போய் சாட்டிலைட்டைத் தொட்டுவிட்டு வருவதால், களைத்துப்போய்த்தான் வந்து சேரும். வீடியோவில் வாத்தியார் ஏதோ சொல்ல வாயைத் திறப்பார். நான் குளித்து, சாப்பிட்டு, கராச்சர்மா ஸ்டாப்பில் பஸ் பிடித்து, ஆபீஸ் போய்த் திரும்பினாலும் அந்த வாய் மூடியிருக்காது.

ஆகவே நானே தட்டித் தடவிக் கற்றேன். அஸ்தமனத்துக்குக் கொஞ்சம் சிவப்பு ஏற்றினேன். கடல் தக்காளி ரசமாயிற்று. மனைவியின் முகத்தை மென்மையாக்கினேன். மூக்கு மென்மையாகி மறைந்தே போயிற்று. “நல்லா இருக்கு… யாரு இது?” என்றாள்.

அப்புறம்தான் க்ளோன் கருவியைக் கண்டுபிடித்தேன். படத்தில் ஓர் இடத்தை நகலெடுத்து இன்னோர் இடத்தின் மேல் பூசுகிற சமாசாரம். வேண்டாததை மறைக்கலாம், வேண்டியதை நட்டுக்கொள்ளலாம். ஒரே மாலையில் கார்பைன்ஸ் கோவ் கடற்கரையில் ஒரு தென்னந்தோப்பே வளர்த்தேன். எல்லா மரத்திலும் அதே காக்கை.

இந்த வித்தை கைக்கு வந்தவனுக்கு என்ன ஆகும்? உலகத்தில் பார்க்கிறதெல்லாம் திருத்த வேண்டியதாகத் தெரியும்.

அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து வீட்டு அந்தோணி வந்தார். படகு எஞ்சின் மெக்கானிக். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. மகள் ரெஜினாவுக்கு அவர் சொந்த ஊர்ப்பக்கமே வரன். மாப்பிள்ளைக்கு போர்ட் பிளேர் துறைமுகத்தில் வேலை கிடைத்துவிட்டது. கல்யாணமானதும் அந்தோணி வீட்டு மாடியில்தான் குடித்தனம். பையனின் அம்மாவுக்கோ ஆயிரம் சந்தேகம். சுனாமி வந்த ஊர், காடு, தீவு… “வீட்ட ஒரு போட்டோ புடிச்சு அனுப்புங்க” என்று கேட்டிருந்தார்.

“மெயின்லேண்ட்காரங்க பாக்கப்போற படம் சார். சாஃப்-சுத்ரா, பளிச்சுனு சுத்தமா இருக்கணும்” என்றார் அந்தோணி. எடுத்த படத்தை என் கம்ப்யூட்டரில் பார்த்ததும் முகம் சுருங்கியது. “அரே, இந்த ட்ரம்மெல்லாம் தெரியுதே.”

தெரியாமல்? மூன்று நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வருகிற ஊரில், வாசலில் நீல ட்ரம் வரிசை இல்லாத வீடு ஏது? ஆனால் நான் அதையா யோசித்தேன்? என் விரல் துறுதுறுத்தது. ஏழு ட்ரம்களையும் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் ஏழு குரோட்டன்ஸ் தொட்டிகளை வைத்தேன். அந்தோணி சொக்கிப்போனார். ரெஜினா மட்டும் குனிந்து பார்த்துவிட்டு, “ஏழு தொட்டியிலயும் அதே இலை கிழிஞ்சிருக்கே அங்கிள்” என்றாள். பொறாமை என்று நினைத்தேன்.

படம் போய்ச் சேர்ந்த மறுநாள் போன் வந்தது. அந்தோணி ஸ்பீக்கரில் போட்டார்.

“வீடு நல்லாத்தான் இருக்கு. தண்ணிக்கு என்ன செய்யுதீய?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

“தண்ணிக்கென்ன… இருக்கு.”

“எங்கன இருக்கு? ஒரு கொடத்தக்கூட காணோமே. கூரையில இருந்து மழத்தண்ணிக் குழாய் எறங்குது, கீழ ஒண்ணுமே இல்ல. யாராவது அப்படி வெறுந்தரையில தண்ணிய விடுவாவளா? இது ஒங்க வீடுதானா, இல்ல வேற யார் வீட்டையும் புடிச்சு அனுப்பினியளா?”

குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடிய ஊர்க்காரர் அவர். நான் குழாயை அழிக்க மறந்துவிட்டேன்.

அந்தோணி பயந்துபோய் உண்மையைச் சொன்னார். “ட்ரம் இருந்துச்சு சம்பந்தி. படம் எடுத்தவருதான் கம்ப்யூட்டர்ல அழிச்சிட்டாரு.”

அந்த அம்மாளுக்கு அடுத்த சந்தேகம் பிறந்துவிட்டது.

“அப்போ பொண்ணு படமும் அவரு கைவேலதானா?”

போன் வைக்கப்பட்டது. அந்தோணி என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. ரெஜினா உள்ளே போய்விட்டாள். அந்தப் பையனோடு போனில் நாலைந்து முறை பேசியிருக்கிறாள், பிடித்துத்தான் போயிருந்தது.

“ஒரிஜினலை அனுப்பிடலாம்” என்று பாய்ந்தேன். எங்கே ஒரிஜினல்? நான் அதன் மேலேயே சேவ் செய்திருந்தேன். ‘சேவ்’ என்று ஒன்று, ‘சேவ் ஆஸ்’ என்று ஒன்று… இரண்டுக்கும் நடுவில் ஒரு கல்யாணம் தொங்கும் என்று எந்த வீடியோவிலும் சொல்லவில்லை. ஒருவேளை அதைச் சொல்லத்தான் அந்த வாத்தியார் வாயைத் திறந்தாரோ என்னவோ.

அடுத்த தண்ணீர் நாளன்று கேமராவோடு போனேன். ரெஜினா நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, ஓஸ் பைப்பை ஒரு ட்ரம்மிலிருந்து அடுத்ததற்கு மாற்றிக்கொண்டிருந்தாள். நிரம்பியதை உடனே மூடினாள். ஒரே ஒரு படம் எடுத்தேன். வீடு கொஞ்சம் சாய்ந்திருந்தது. வெளிச்சம் போதவில்லை.

“இதுல கொஞ்சம் பிரைட்னஸ் மட்டும்…” என்று ஆரம்பித்தேன்.

“அங்கிள், ப்ளீஸ். நீங்க ஒண்ணும் செய்யாதீங்க.”

செய்யவில்லை. வாழ்நாளில் நான் செய்த மிகக் கடினமான எடிட்டிங் அதுதான்.

படத்தை அப்படியே அனுப்பினோம், அன்று சாயந்திரமே போன் வந்தது. “பிள்ள ஒவ்வொரு ட்ரம்முக்கும் மூடி போட்டுல வச்சிருக்கு” என்றார் அந்த அம்மாள். அவ்வளவுதான். எதை வெட்கம் என்று நாம் துடைக்கிறோமோ, அதைத்தான் வரப்போகிற மாமியார் முதலில் தேடுகிறார்.

சென்ற ஞாயிறு நிச்சயதார்த்தம். கப்பலில் வந்திறங்கிய கையோடு அந்த அம்மாள் ட்ரம்களை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தோணி என்னை இழுத்துப்போய் நிறுத்தினார்.

“ரெஜினா தண்ணி புடிக்கிற படம் பாத்தீங்கல்ல சம்பந்தி, அத எடுத்தது இந்த சார்தான்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நல்லா புடிச்சிருக்கீய. உள்ளத உள்ளபடி.” பிறகு அந்தோணி பக்கம் திரும்பினார். “அதுக்கு மொத படம் புடிச்சானே ஒருத்தன், அவன எங்கன இருந்து கூட்டியாந்தீய?”

அந்தோணி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

“அவன் யாரோ டூரிஸ்ட் சம்பந்தி. அப்பவே கப்பல் ஏத்தி விட்டுட்டோம்.”