அப்பா கொடுத்துவிட்ட ஜிங்க் பாட்டில்

பெட்டியைப் பிரித்த அன்று வீட்டில் அம்மாவும் தங்கையும் நானும் இருந்தோம். அப்பா இல்லை. குவைத்திலிருந்து போன் வீடியோவில் தெரிந்தார். அதை இருந்தார் என்று எழுதலாமா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. ஊருக்கு வந்த அவருடைய கூட்டாளி கொண்டுவந்த பெட்டி. சோப்புக்கும் பால்பவுடருக்கும் நடுவே ஒரு வெள்ளைப் பாட்டில்.

"ஜிங்க் மாத்திரையாம். ஒடம்புக்கு நல்லதுன்னு ரூம்ல எல்லாரும் போடுறாய்ங்க. அம்மாவுக்குக் குடுப்பா," என்றார் அப்பா திரையிலிருந்து.

அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் பாக்கியிருந்தது. ரத்தம், அதாவது ஹீமோகுளோபின், எட்டுதான் இருக்கிறது, பத்துக்கு வந்தால்தான் தேதி என்று அறந்தாங்கி டாக்டரம்மா இரும்புச்சத்து மாத்திரை எழுதியிருந்தார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். லேபிள் வாசிப்பது என் வேலை. ஐம்பது மில்லிகிராம், தினம் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின். உள்ளே நூற்றிருபது மாத்திரை. காலாவதியாக இரண்டே மாதம்.

"அப்ப தெனம் ரெண்டு போட்டாத்தான் தீரும்," என்றார் அம்மா. "அந்த வெயில்ல கெடந்து வாங்குனத குப்பையிலயா கொட்டுறது?"

நானும் வகுத்துப் பார்த்து, சரிதான் என்றேன்.

அந்த இரண்டு மாதமும் தண்ணீருக்கடியில் நடந்தது போல நினைவிருக்கிறது. விடியும் வெளிச்சத்தில், வெறும் வயிற்றில், இரண்டு ஜிங்க்கையும் இரும்பு மாத்திரையையும் ஒரே உள்ளங்கையில் வைத்து அம்மா கொஞ்ச நேரம் பார்ப்பார். அப்பாவே கையில் வந்து உட்கார்ந்தது போல. பிறகு விழுங்குவார். குமட்டும்.

"நாக்குல ஆணியச் சப்புன மாதிரி இருக்குடா. நடந்தா தரை பஞ்சாத் தெரியுது."

"குவைத்து மாத்திரைல்ல, பறக்கத்தான் செய்யும்," என்று தங்கை சிரிப்பாள்.

இரண்டு மாதம் முடியும் தருவாயில் மறுபடி பார்த்தபோது ரத்தம் ஏழரை. டாக்டரம்மா, "வேற என்ன சாப்புடுறீங்க?" என்றார். நான் பையிலிருந்து பாட்டிலை எடுத்தேன்.

"தம்பி, நாங்க எழுதிக் குடுக்காம நாளைக்கு நாப்பது மில்லிகிராமத் தாண்டக் கூடாதுங்க. நீங்க நூறு குடுத்திருக்கீங்க. இரும்பு மாத்திரையோட சேத்துப் போட்டா இரும்பு ஒடம்புல சரியாச் சேராது. ரொம்ப நாள் கூடுதலாப் போனா செம்புச்சத்து கொறஞ்சு, ரத்தமும் எறங்கும். இத நிப்பாட்டுங்க. இனி எந்த மாத்திரையா இருந்தாலும் காட்டிட்டுப் போடுங்க."

செம்புச்சத்து டெஸ்ட்டுக்கும் எழுதினார். குறைவு என்றே வந்தது.

டெஸ்ட் முடிவு வந்த அன்று சாயங்காலம் அப்பா கூப்பிட்டார். "மாத்திரை தீந்துச்சா?"

"தீந்துருச்சுங்க. நல்லாத்தான் இருக்கேன்," என்றார் அம்மா.

"அப்ப இன்னொரு பாட்டில் குடுத்து விடுறேன்."

போனை வாங்கி நான் எல்லாவற்றையும் சொன்னேன். தினம் ஒன்று என்று வாசித்தும் இரண்டுக்குத் தலையாட்டியது நான் என்பதையும். திரையில் அப்பாவின் முகம் அப்படியே நின்றது. சிக்னலா, அவரா என்று தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்து ரத்தம் பத்தைத் தொட்டது. ஆபரேஷன் முடிந்து அம்மா கண் விழித்ததைப் போனில் காட்டிய பிறகுதான் அப்பா மெதுவாகக் கேட்டார்.

"அந்தப் பாட்டிலால எம்புட்டுப்பா செலவாச்சு?"

டெஸ்ட்டுகள், கூடுதல் மாத்திரை, பஸ் எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.