ஆணியில் தொங்கிய துடோங்

மேசை துடைக்கும் ஈரத்துணி நாறினால் எனக்குச் சாப்பாடு இறங்காது. போன வாரம் மலாக்கா பக்கம் ஜாசினில் ஒரு கடையில் தே தாரிக் கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். வேலையாள் வந்து மேசையை ஓர் இழுப்பு இழுத்துவிட்டுப் போனார். நேற்றைய மீன் குழம்பு, முந்தாநாள் பால், அதற்கும் முந்திய ஏதோ ஒன்று, எல்லாம் சேர்ந்து குப்பென்று கிளம்பியது. வந்த தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். "அம்மா, ஓவர்லா நீங்க," என்றாள் மகள். அவளுக்கு என்ன தெரியும்? அந்த நாற்றத்தைத் தலையில் மாட்டிக்கொண்டு சம்பளம் வாங்கியவள் நான்.

பள்ளிக்கூடம் முடிந்த கையோடு பெம்பானில் ஒரு தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். எஸ்டேட்டிலிருந்து பஸ்ஸில் போவேன். செர்காமிலிருந்து காலையில் வரும் மீனைக் கழுவ வேண்டும், வெங்காயம் உரிக்க வேண்டும், கூட்டம் கூடினால் கல்லாவில் உட்கார வேண்டும். கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஓர் ஆணி. அதில் ஒரு துடோங், மலாய்ப் பெண்கள் தலையை மூடிக்கொள்ளும் துணி, தொங்கும். தலைவழியாக மாட்டிக்கொள்கிற வகை. பழுப்பா பச்சையா என்று சொல்ல முடியாத நிறம். எந்தப் பெண் கல்லாவில் உட்கார்ந்தாலும் அதை மாட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும். முதலாளியம்மா கழற்றி ஆணியில் போடுவார், அடுத்தவள் அதே சூட்டோடு எடுத்து மாட்டுவாள். தேங்காயெண்ணெய், வியர்வை, தாளிப்பு. அதைத் துவைப்பது யார் என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. யாருமே துவைக்கவில்லை என்பது என் தீர்மானம்.

"முதலாளி, நான் கிறிஸ்டியன்," என்று முதல் நாளே சொன்னேன்.

"அது எனக்குத் தெரியும்மா. வர்றவங்களுக்குத் தெரிய வேணாம்லா. வெறுந்தலையப் பாத்தா மலாய்க்காரங்க சந்தேகப்பட்டு வேற கடைக்குப் போயிடுவாங்க."

மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். பாதி உரித்த பலாக்கொட்டை மாதிரி இருந்தேன். என் அம்மாவும் பூசைக்குப் போனால் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொள்வாள். அது அவளுக்கும் ஆண்டவருக்கும் உள்ள சங்கதி. அதைக் காட்டி யாரும் மீன் குழம்பு விற்கவில்லை.

சுபைதாக்கா வந்தது அதற்கப்புறம். ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரை ஊர். முதலாளியின் மூத்த மகனைக் கட்டிக்கொண்டு கப்பலேறாத குறையாக மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினார். சேலைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டி, உச்சந்தலையிலிருந்து முழங்கால் வரைக்கும். ஓரத்தில் அவருடைய உம்மா வெள்ளை நூலால் தைத்துக் கொடுத்த சின்னச் சின்னப் பூ. அந்த வீட்டில் அவரைப்போல் மூடிக்கொண்டவர் யாருமில்லை. ஆனாலும் போதவில்லையாம்.

"இங்க இதெல்லாம் யாரும் போடறதில்லம்மா," என்றார் மாமியார். "பாக்குறவங்க என்ன ஏதுன்னு கேப்பாங்க. ஆணியில இருக்குல்ல, அத மாட்டிக்க."

"கொஞ்ச நாள் குடுங்க மாமி. ஊரு பழகட்டும். என்ன போடணும்னு நானே பாத்துக்கிறேன்."

அவர் கேட்டது அவ்வளவுதான், கொஞ்ச நாள். புருஷன் ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டே இருந்தார். வேடிக்கை என்னவென்றால், மாமியாரின் அலமாரியிலும் ஒரு வெள்ளைத் துப்பட்டி இருந்தது. இந்தியாவுக்குக் கல்யாணம் காட்சிக்குப் போகும்போது மட்டும் அது வெளியே வரும், அங்கே யாரும் பேசிவிடக் கூடாதே! இங்கே மலாய்க்காரர்களுக்கு ஒரு தலை, அங்கே சொந்தக்காரர்களுக்கு ஒரு தலை. தூ!

ஒரு நாள் கல்யாண ஆர்டர். பிரியாணி அண்டாவுக்குத் தம் போட்டிருந்தார்கள். மூடிக்கும் அண்டாவுக்கும் நடுவில் வெள்ளைத் துணி, ஓரமெல்லாம் நெய்யும் மஞ்சளும் ஊறி. அடுப்புப் பக்கம் வந்த சுபைதாக்கா நின்றுவிட்டார். நானும் பார்த்தேன். அந்த ஓரத்தில் சின்னச் சின்னப் பூ. கிழித்த மறுபாதி பக்கத்திலேயே கிடந்தது, தேங்காய்ப் பால் வடிகட்ட.

"மாமி, இது என் துப்பட்டி."

"நல்ல பருத்திம்மா. தம் நல்லா நிக்கும். சும்மாதானே கெடந்துச்சு?"

"சும்மா கெடக்கல. காயப் போட்டிருந்தேன்."

மாமியார் வெங்காயம் வதங்கிவிட்டதா என்று பார்க்கத் திரும்பிக்கொண்டார். இன்றைக்கும் பிரியாணி அண்டாவைத் திறந்தால் முதலில் துணியைத்தான் பார்க்கிறேன்.

சுபைதாக்கா அழவில்லை. நேராகக் கல்லாவுக்குப் போனார், ஆணியில் தொங்கியதை உருவிக்கொண்டு வந்தார், நான் மீன் அறுத்துக்கொண்டிருந்த பலகையை அதனால் அழுத்தித் துடைத்தார். செதில், ரத்தம், எல்லாம். "இதுவும் நல்ல துணிதான் மாமி. நல்லா உறிஞ்சுது," என்று அவர் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தார். முதலாளி கத்திய கத்தலில் தெருவே திரும்பியது. மத்தியானக் கூட்டம் எப்போதும்போல வந்தது. ஒரு மலாய்க்கார அம்மா மட்டும் சுபைதாக்காவைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார். பார்த்துவிட்டு, குழம்பில் உப்பு கூடிப்போச்சு என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜெயித்துவிட்டார் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மறுநாள் ஆணியில் புதுத் துடோங் தொங்கியது. எல்லோரும் மாட்டினோம். அவரும் மாட்டினார். ஊர் விட்டு ஊர் வந்தவர், வேறு எங்கே போவார்? நான்தான் அந்த வருஷமே வேறு வேலை பார்த்துக்கொண்டு போனேன்.

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி விற்கிறார்கள். மாமியாரும் இல்லை, முதலாளியும் இல்லை. சுபைதாக்கா கோலா சுங்கை பாருவில் மகள் வீட்டில் இருக்கிறார். போன மாதம் தேடிக்கொண்டு போனேன். நீல நிறத்தில் அழகான துடோங் போட்டிருந்தார்.

"நல்லாருக்குக்கா."

"நானே கடைக்குப் போயி எடுத்தது புள்ள."

பேச்சுவாக்கில், மலாக்காவில் இப்போதெல்லாம் வெள்ளைத் துப்பட்டியைக் கண்ணாலேயே காண முடியவில்லையே என்றேன்.

"எல்லாரும் கழட்டுனாங்கள்ல, ரெண்டு வருசம் போயிருந்தா நானும் கழட்டியிருப்பேன் புள்ள. கழட்டி, மடிச்சு, பெட்டியில வச்சிருப்பேன். மடிக்கிறதுக்கு எனக்கு ஒண்ணும் மிச்சம் வைக்கல."