பிக்கப்பின்ட சத்தத்தக் கெசட்டுல அனுப்பின கதை

நெல்லுத் தூசியும் டீசல் புகையும் கலந்த ஒரு மணம் இருக்கு பாருங்க... தொண்டையில போய்க் குந்திக்கிட்டு எழும்பாது. எண்பதுகள்ல சாய்ந்தமருதுல எங்கட மூத்தவ, ராத்தாட வளவு முழுக்க அந்த மணம்தான்.

ராத்தாட மாப்பிள்ளை, என்ட மச்சான், பழைய டீசல் பிக்கப் ஒண்டு வெச்சிருந்தார். வயல் வட்டையில இருந்து நெல்லு ஏத்துற ஹயர் ஓட்டம். சவுதிக்குப் போகக்குள்ள வண்டிட திறப்ப என்ட கையில தந்து, "நான் அங்க காலூண்டும் மட்டும் இது ஓடினாத்தான் வீட்டுல உலை கொதிக்கும், பாத்துக்க மச்சான்" எண்டார். ராத்தாவும் மூணு புள்ளைகளும் அந்தப் பிக்கப்ப நம்பித்தான் இருந்தாங்க.

நான் அதுக்கு முதல் உழவு மெசின் ஓட்டின ஆள். எனக்குத் தெரியாததா எண்டு ஒரு திமிர். மெசின்ட எயார் பில்டருக்கு அடியில ஒரு கிண்ணம் இருக்கும். அதுல ஒயில் ஊத்தி வெச்சா வாற தூசியெல்லாம் ஒயில்ல ஒட்டிக்கும்.

பிக்கப்புட பில்டரத் தொறந்து பாத்தன். மடிச்சு மடிச்சு வட்டமாச் செஞ்ச கடதாசி... காஞ்சு போய்க் கிடந்திச்சு. மனுசன் ஒயில் ஊத்த மறந்துட்டுப் போயிட்டாரே எண்டு, நல்லா ஊற ஊற ஊத்தி மாட்டிட்டன்.

கெட்டிக்காரன்!

அடுத்த நாளே வாய்க்கால் பாலத்துல ஏற மாட்டன் எண்டு நிண்டிச்சு. பின்னால கறுத்த புகை. நெல்லு மூட்டைய இறக்கிப்போட்டு, வண்டியத் தள்ளித்தான் வீட்ட கொண்டு வந்தம்.

கராஜில வண்டி திருத்துற பாஸ் வந்து காது குடுத்துக் கேட்டார். "பம்பு போயிட்டு. இஞ்சினையும் பிரிக்கணும்." மறுகா இன்னொரு ஆள் வந்து, இரும்புக்குத்தான் எடுக்கலாம் எண்டு டயர உதைச்சுப் பாத்தான். நானும் என்னவெல்லாமோ யோசிச்சுப் பாத்தன். ஒயில் ஊத்தின கதை மட்டும் நெனப்புக்கே வரல்ல. அது நான் செஞ்ச நல்ல வேலையெல்லோ!

ராத்தா வாசல்ல நிண்டு சொன்னா, "அவர்ட கதை வராம ஒரு ஆணி கழட்ட விடமாட்டன்."

அப்ப போன் எங்க இருந்திச்சு... சவுதிக்கு ஆள் போன வீடுகள்ல எல்லாம் கெசட்டுதான். கதைச்சுப் பதிஞ்சு, போற ஆள்ட்டக் குடுத்து விடுற. ராத்தா டேப்பத் தூக்கிட்டு வந்து பிக்கப்புட பொனட்டுல வெச்சா. "ஸ்டார்ட் பண்ணுடா. நீ ஒண்டும் கதைக்காத. அதுவே கதைக்கட்டும்."

நான் சிரிச்சன். மனசுக்குள்ளதான்... ராத்தாக்கு முன்னால ஆரு சிரிக்கிற!

ஒண்டரை மாசம். வண்டி படங்கு மூடிக் கிடந்திச்சு. ராத்தா பாய் இழைச்சு வித்தா. ஆள் மெலிஞ்சு போயிட்டா. கடைசியில மச்சான்ட கெசட் வந்திச்சு. ஸலாம் சொல்லிட்டு நேரா விசயத்துக்கு வந்துட்டார்.

"பம்பு பழுதெண்டா சத்தம் விட்டு விட்டு வரும். இது ரேஸ் குடுக்கக்குள்ள அமுங்குது. மூச்சு எடுக்க ஏலாத சத்தம்." ஒரு செருமல். "மச்சான்... நீ மெசின் ஓட்டின ஆள். அந்தக் கடதாசி பில்டருக்கு ஒயில் ஊத்தினியா?"

யா அல்லாஹ்! கடலுக்கு அங்கால, எங்கயோ ஒரு மணல் காட்டுல இருக்கிற மனுசன், நான் செஞ்ச கூத்தப் பக்கத்துல நிண்டு பாத்த மாதிரிக் கேக்குறார். ராத்தா என்னையே பாத்தா. நான் நிலத்தப் பாத்தன்.

ஒயில்ல ஊறின கடதாசிக்குள்ளால காத்துப் போகாதாம். பில்டரக் கழட்டிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாக்கச் சொல்லியிருந்தார். பண்ணினன். ஹ்ம்ம்ம் எண்டு எழும்பிச்சு பாருங்க... ராத்தா பொனட்டுல கைய வெச்சு அப்படியே நிண்டா.

அண்டைக்கே அக்கரைப்பற்றுக்கு பஸ் எடுத்தம். வண்டிச் சாமான் கடைக்காரர் மெசினுக்குப் போடுற ஒயில் ஊத்துற பில்டர் ஒண்டத் தூக்கி வெச்சு, "வட்டைத் தூசிக்கு இதுதான் தங்கச்சி" எண்டார். ராத்தா அசையல்ல. மச்சான் சொன்னது மனப்பாடம் அவக்கு. பழைய பில்டரப் பக்கத்துல வெச்சு உயரம் பாத்தா. ரப்பர நகத்தால அமத்திப் பாத்தா. மறுகா ரோட்டுக்கு எடுத்துட்டுப் போய் வெயிலுக்குப் பிடிச்சு மடிப்பு மடிப்பாப் பாத்தா. ஊசி முனையளவு வெளிச்சம் நேரா வந்தாலும் அது ஓட்டையாம்.

மூண்டத் திருப்பிக் குடுத்தா! "பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கிறதும் இவ்வளவு இல்லையே" எண்டார் கடைக்காரர். நாலாவதுக்குத்தான் ராத்தா ஓம் சொன்னா.

பில்டர மாட்டி, பாலத்துல ரெண்டு தரம் ஏத்தி இறக்கி, அஸர் தொழுதுட்டு வந்துதான் கெசட்டுட மற்றப் பக்கத்தப் போட்டம்.

"இஞ்சின் சத்தத்துக்குப் பின்னால சின்னவன் இருமுறான் புள்ள. வறட்டு இருமல். டொக்டர்ட்டக் காட்டினியா?"

நாங்க ஆருமே அதக் கேக்கல்ல. பக்கத்துலதான் நிண்டம். அவ்வளவு இரைச்சலுக்குள்ள அந்த மனுசன் புள்ளைட இருமலத் தேடி எடுத்திருக்கு. பம்பு போயிட்டு எண்டு பாஸ் சொன்ன அண்டைக்கும் அழாத ராத்தா, அப்பதான் முந்தானையால மொகத்தப் பொத்திக்கிட்டு அழுதா.

இப்ப என்ட மகன் கட்டார்ல. நாள் தவறாம வீடியோ கோல். சிரிக்கிறான், ரூமக் காட்டுறான், சமைச்ச கறியக் காட்டுறான். சாப்பிட்டியா? ஓம் வாப்பா. சரி மகன். வெச்சிருவம்.

போன கிழமை மூணு நாள் அவனுக்குக் கடும் காய்ச்சலாம். மருமகள் சொல்லித்தான் தெரியும்.

அந்த மூணு நாளும் நான் அவனோட கதைச்சன்... மொகத்தப் பாத்துப் பாத்து.