நகராத சைக்கிளில் மலை ரூட்

1. முதல் டிரிப்

தை மாதம், இரண்டாவது வியாழக்கிழமை. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் எங்கள் மலை ரூட் பஸ்ஸில் காலை முதல் டிரிப்புக்கே நல்ல லோடு. அடிவாரம் தாண்டி மேடு ஏறத் தொடங்கிய பிறகு, ஒரு கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று முன்னால், யாரோ என் நெஞ்சின் நடுவில் முழங்கையை ஊன்றி அழுத்துவதுபோல் இருந்தது. இடது தோள் மரத்தது. செகண்டிலிருந்து ஃபர்ஸ்ட் கியருக்கு மாற்றினேன். வியர்வையில் ஸ்டியரிங் வழுக்கியது.

மலை ரூட் டிரைவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. லோடோடு ஏறும்போது பாதி மேட்டில் நிறுத்த மாட்டோம். நிறுத்தினால் வண்டி பின்வாங்கும். கண்டக்டர் குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும். மறுபடி எடுக்கும்போது கிளட்ச் கருகும். இஞ்சின் சூடானால்கூட மேலே தண்ணீர் ஊற்றும் இடம் வரை இழுத்துக்கொண்டு போய்விடுவோம். அன்றும் அப்படித்தான் இழுத்தேன். ஜமுனாமரத்தூர் ஸ்டாண்டில் வண்டியை ஒழுங்காக நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இஞ்சினை அணைத்த பிறகுதான் ஸ்டியரிங்மேல் சாய்ந்தேன்.

"அண்ணே! கோவிந்தண்ணே! இன்னா ஆச்சு?" என்று கண்டக்டர் பச்சையப்பன் கத்தியது மட்டும் கேட்டது.

வேலூரில் பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. காலிலிருந்து ரத்தக்குழாயை எடுத்து நெஞ்சில் ஒட்டினார்கள். பங்குனியில் டிப்போவுக்குப் போனபோது சால்வை போர்த்தினார்கள். பிராஞ்ச் மேனேஜர் பேசினார்: "நெஞ்சு வலியோட வண்டிய மேல கொண்டாந்து சேத்தாரு. அத்தன பேர் உசுர காப்பாத்தினாரு." எல்லோரும் கை தட்டினார்கள். அந்தப் பேச்சை நானும் நம்பினேன்.

கூட்டம் கலைந்ததும் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஆவணில மெடிக்கல் போர்டு. ஃபிட் குடுத்தாங்கன்னா உங்க ரூட்டு உங்களுக்கு. இல்லன்னா லைட் டூட்டிதான். டைம் ஆபீஸ்ல ஒக்காரணும். என் கையில ஒண்ணும் இல்ல."

டைம் ஆபீஸ் என்றால், பஸ் ஸ்டாண்ட் மூலையில் ஒரு சின்ன அறை. வண்டி வந்த நேரம், போன நேரம் எழுத வேண்டும். சீட்டில் உட்கார்ந்து மலையைப் பார்த்தே பழகியவன், ஜன்னல் வழியாக வண்டியின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். என்ன ஆனாலும் அந்த அறைக்குப் போகக் கூடாது என்று அன்று மனதுக்குள் முடிவு செய்தேன்.

2. லக்கேஜ் டிக்கெட்

"சமதரையில நடங்க" என்றார்கள் ஆஸ்பத்திரியில். என் வீடு ஜமுனாமரத்தூரை ஒட்டிய சிற்றூரில் இருக்கிறது. வாசலை விட்டு இறங்கினால் வலது பக்கம் ஏற்றம், இடது பக்கம் இறக்கம். சமதரை என்று இங்கே பள்ளிக்கூட மைதானத்தைக்கூடக் காட்ட முடியாது. அதுவும் ஒரு பக்கம் சாய்ந்துதான் கிடக்கும்.

இதைச் சொன்னதும் பிசியோதெரபி பார்த்த அம்மா, "அப்ப வீட்டுக்குள்ள மிதிக்கிற சைக்கிள் வாங்கிக்குங்க. லேசா மிதிக்கணும். வலி வந்தா உடனே நிறுத்திடணும். புரிஞ்சுதா?" என்றார்.

"புரிஞ்சுதும்மா" என்றேன்.

ஆன்லைனில் ஆர்டர் போட்டோம். மலைக்கு டெலிவரி இல்லை என்று போளூரிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். வேறு வழியில்லாமல் என் பஸ்ஸிலேயே ஏற்றினோம். என் சீட்டில் வேறு டிரைவர். நான் பயணியாக மூன்றாவது வரிசையில். பெட்டி கிழிந்து சைக்கிளின் முன்பக்கம் வெளியே தெரிந்தது. சந்தைக்குப் புளி விற்கப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இன்னா டிரைவரே, இது இன்னா மிஷினு?"

"சைக்கிளும்மா."

"சக்கரம் ஒண்ணுதான் கீது?"

"வூட்ல வெச்சி மிதிக்கறது."

"மிதிச்சா எங்க போவும்?"

"எங்கயும் போவாது."

"அப்ப இன்னாத்துக்கு மிதிக்கணும்? அந்தக் காலுக்கு நாலு கட்டு வெறகு கொண்டாரலாம்."

பச்சையப்பன் லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "அண்ணனுக்குக் கண்டக்டர் இல்லாத வண்டி ஒண்ணு ஓட்டணும்னு ரொம்ப நாளா ஆச, யக்கா" என்றான். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். தையல் போட்ட நெஞ்செலும்பு வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

வீட்டில் தரை சரியாக இல்லை. சைக்கிளின் பின்கால் ஒன்று அந்தரத்தில் ஆடியது. மறுநாள் பச்சையப்பன் டிப்போவில் கழித்துப்போட்ட பழைய சக்கரக் கட்டை ஒன்றைக் கொண்டுவந்து அதற்கு அடியில் செருகினான். டயர் பட்டுப் பட்டு ஒரு முனை வழவழவென்று தேய்ந்திருந்தது. "இப்ப ஏறுண்ணே. கட்டை போட்டாச்சி, பின்னால வாங்காது" என்றான். சைக்கிள் அசையாமல் நின்றது.

3. ஜன்னல் ஓரம்

எதையும் படித்துவிட்டுத்தான் தொடுவது என் பழக்கம். கூடவே வந்த விளக்கப் புத்தகத்தை அகராதியோடு உட்கார்ந்து படித்தேன். அதில் சைக்கிள் மிதிக்கும் படத்திலிருந்த மனிதனுக்கு வியர்வையே இல்லை.

சித்திரை பிறந்ததும் மிதிக்கத் தொடங்கினேன். முதல் வாரம், வயதான யாரோ ஒருவருடைய கால்களை மிதிப்பதுபோல் இருந்தது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டு, ஒரே பதிலைக் கேட்டுக்கொண்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். வைகாசிக்குப் பிறகு அவர்களும் குறைந்தார்கள். மல்லாந்து மட்டுமே படுக்க முடிந்தது. மேலே கூரையையே பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

சைக்கிளை ஜன்னலோரம் போட்டிருந்தேன். சாயங்கால வண்டி மேடேறும் சத்தம் அங்கே கேட்கும். அந்த நேரத்துக்கே மிதிக்க உட்காருவேன். அடிவாரத்தில் தொடங்குவேன். ஏற்றம் வரும் இடத்தில், மிதியைக் கனமாக்கும் திருகைக் கூட்டுவேன். வளைவில் உடம்பு தானாகச் சாயும். என் மனைவி காசியம்மாள் அடுப்படியிலிருந்து, "இன்னிக்கு எது வரிக்கும் போனீங்க?" என்று கேட்பாள்.

"ஏத்தத்துல கீறேன். பேச்சு குடுக்காத."

அவளுக்குச் சிரிப்பு. எனக்கு அது விளையாட்டாக இல்லை. போர்டு வருவதற்குள் மேலே போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

ஆடி முதல் வெள்ளி. வெளியே மழை. நடு மேட்டில் இருந்தேன். அதே முழங்கை அதே இடத்தில் வந்து ஊன்றியது. முகம் மாறியதைப் பார்த்துவிட்டு காசியம்மாள் ஓடி வந்தாள்.

"எறங்குங்க! எறங்குங்கன்றேன்!"

"இந்த வளவு தாண்டட்டும்."

"இன்னா வளவு? வூட்டுக்குள்ள இன்னாங்க வளவு?"

நான் இறங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மேல்மட்டம் வரை மிதித்து முடித்தேன். கொஞ்ச நேரத்தில் வலி தானாக விட்டது. மறுபடி வலி வரவுமில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

4. போர்டு

ஆவணியில் போர்டுக்குப் போனேன். டிரெட்மில்லில் ஓடவிட்டார்கள். எக்கோ எடுத்தார்கள். மேசைக்குப் பின்னால் மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்தவர் தாள்களைப் புரட்டிவிட்டு, "ரிசல்ட் நல்லா இருக்கே. என்ன பண்ணீங்க?" என்றார்.

"வீட்ல சைக்கிள் சார்."

"வெரி குட். மிதிக்கும்போது எப்பவாவது வலி வந்துதா?"

பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. சொல்லப்போனால், அதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. "ஒரே ஒரு நாள் வந்துது சார். ஆனா நிறுத்தல. முழுசா முடிச்சிட்டுத்தான் எறங்கினேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏன் நிறுத்தல?"

"ஏத்தத்துல நிறுத்த மாட்டோம் சார்."

"ஏத்தமா? வீட்லதானே மிதிச்சீங்க?"

அவர் பழைய தாளை எடுத்துப் பார்த்தார். "தை மாசம் பஸ்லயும் நீங்க நிறுத்தல, இல்லையா?"

"மேல கொண்டுபோய்ச் சேத்துட்டேன் சார். டிப்போல சால்வை போட்டாங்க."

"ஃபிட் குடுத்து அனுப்பறேன்னு வெச்சுக்குங்க. வண்டி நெறய ஆளு. நடு மலையில மறுபடி வலி வருது. என்ன பண்ணுவீங்க?"

யோசிக்கவே இல்லை. நாக்கு முந்திக்கொண்டது. "மேல போய் நிறுத்துவேன் சார்."

அவர் கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்தி, "அன்னிக்கு மேல போய்ச் சேந்தது உங்க அதிர்ஷ்டம், கோவிந்தன். அந்த ஜனங்களோட அதிர்ஷ்டம். வளைவுல நினைவு தப்பியிருந்தா?" என்றார். பிறகு எழுதத் தொடங்கினார். தலைகீழாக இருந்தும் எனக்கு அந்த எழுத்து தெரிந்தது. லைட் டூட்டி.

5. டைம் ஆபீஸ்

"வாய மூடிக்கினு இருந்திருக்கலாம் இல்லண்ணே?" என்று பச்சையப்பன் பல நாள் புலம்பினான். இருந்திருக்கலாம். ரூட் கிடைத்திருக்கும். ஆனால் டாக்டர் கேட்டதுபோல் வளைவில் நினைவு தப்பியிருந்தால் அத்தனை பேரும் பள்ளத்தில் போயிருப்பார்கள். முதல் டிரிப் வெளியே போகும்போது அந்த வண்டியில் ஏறுகிற ஆட்களைப் பார்ப்பேன். கைப்பிள்ளைக்காரிகள், பள்ளிக்கூட வாத்தியார், புளி மூட்டைக்காரர்கள். அன்று எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களும் இவர்கள்தான். நேரத்தை எழுதிவிட்டு நிமிர்ந்தால் வண்டியின் பின்பக்கம் தெரியும். பிறகு அதுவும் தெரியாது.

மலை ரூட்டுக்குப் புதிதாக வருகிற டிரைவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. நெஞ்சில் லேசாக வலி தெரிந்தால்கூட அந்த இடத்திலேயே ஓரம் கட்டுங்கள். கண்டக்டரைக் கட்டை போடச் சொல்லுங்கள். கிளட்ச் கருகினால் டிப்போ மாற்றிக்கொள்ளும். சால்வை யாரும் போட மாட்டார்கள், பரவாயில்லை.

சைக்கிள் இன்னும் அதே ஜன்னலோரம் இருக்கிறது. அதன் பின்காலுக்கடியில் அதே கட்டை. இப்போது வலி வரும்வரைகூடக் காத்திருப்பதில்லை. மூச்சு லேசாக முட்டினாலே காலை எடுத்துவிடுகிறேன். மிதி சத்தம் நின்றதும் அடுப்படியிலிருந்து காசியம்மாள் கேட்பாள்.

"இன்னிக்கு எது வரிக்கும் போனீங்க?"

"வழியிலயே நிறுத்திட்டேன்" என்பேன். அவள் இப்போது சிரிப்பதில்லை. "அது போதும், எறங்கி வாங்க" என்பாள்.